ரிப்பேர் இருக்கு

2024 மார்ச் 13, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். முதல் வேலை, எப்போதும் போல, வீட்டின் சன்னல்களைச் சுற்றி வருவது. கண்ணாடிகளில் ஒரு படலம் ஒட்டியிருக்கிறோம். வெளிச்சத்தை விடும்; வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை விடாது. அது எங்காவது உரிந்திருக்கிறதா என்று மூலை மூலையாக விரலால் தடவிப் பார்ப்பேன். அடுப்படிச் சன்னலின் கீழ்மூலையில் நகத்தளவு எழும்பியிருந்தது. தண்ணீர் தொட்டு அழுத்தி ஒட்டினேன். பால் வந்தது. மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டேன். பிறகு மகளை எழுப்பினேன்.

அவளுக்கு ஒன்பது வயது. வெயில் ஆகாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் தங்களுக்கு வெயில் ஆகாது என்பார்கள். தலைவலி வரும், வேர்க்குரு வரும் என்பது அவர்கள் கணக்கு. இவளுக்கு அப்படி இல்லை. வெயில் தோலின் செல்களுக்குள் புகுந்து டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். எல்லோருக்கும்தான். மற்றவர்களுக்கு அந்தச் சேதம் தானாகச் சரியாகிவிடும். இவளுக்கு ஆவதில்லை. பட்டது பட்டபடி நிற்கும், சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தால் என்ன ஆகும் என்று மதுரையில் ஒரு தோல் மருத்துவர் சொன்னபோது இவளுக்கு மூன்று வயது. மூக்கின் மேலும் கன்னத்திலும் எள்ளைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள். புற்று என்ற சொல்லை மருத்துவர் ஒரு முறைதான் சொன்னார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அன்று முதல் பகலில் வெளியே போக வேண்டுமென்றால் முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை, கையுறை, முகத்துக்கு நேரே அதே படலம் ஒட்டிய கண்ணாடித்தாள் வைத்து என் மனைவி தைத்த தொப்பி. பள்ளியில் பிள்ளைகள் அதற்கு ஹெல்மெட் என்று பெயர் வைத்தார்கள். இவள் அழவில்லை. தன்னை ஹெல்மெட் கட்சி என்று அறிவித்துக்கொண்டாள். தலைவர், பொருளாளர், தொண்டர் எல்லாம் தான்தான் என்பாள்.

மகனுக்கு நான்கு மாதம். அந்தக் கட்சியில் இவனும் உறுப்பினரா என்பது எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

நானும் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள். ஒரு குறிப்பிட்ட ஜீனில் எங்கள் இருவரிடமும் ஒரு நல்ல பிரதி, ஒரு கெட்ட பிரதி. நல்லது ஒன்று இருந்தாலே வேலை நடக்கும் என்பதால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. இருவரின் கெட்ட பிரதியும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இந்த நோய். நாலில் ஒரு வாய்ப்பு. சின்னவன் பிறந்த மறுமாதம் இரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். அந்த வாரம் முடிவு சொல்வதாக இருந்தார்கள். அதுவரை அவன் மேல் ஒரு கீற்று வெயிலும் படக்கூடாது என்று வைத்திருந்தோம்.

பிறந்த பிள்ளையை இளவெயிலில் காட்டாமல் வைத்திருப்பது எங்கள் தெருவில் சின்ன விஷயம் இல்லை. அன்று காலையும் எதிர்வீட்டு அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று கேட்டார்.

"ஏத்தா, பிள்ளையச் செத்த நேரம் வெயில்ல காட்டக் கூடாதா? மஞ்சக் கெழங்கு மாதிரி இருக்கான்."

"காட்டணும்க்கா. ரிசல்ட்டு வரட்டும்" என்றாள் மனைவி.

"அவன் என்ன பரிச்சையா எழுதிருக்கான்?"

மனைவி சிரித்துவிட்டு உள்ளே வந்தாள். வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வெயில் ஏறுமுன் பள்ளிக்குப் போய்ச் சேரட்டும் என்று ஆறேகாலுக்கே மகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பினேன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு விதைப் பண்ணை. தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகள். அதற்கென்று வேலி போட்ட சின்ன வானிலைக் கூடம் இருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை, வெயில் ஆகியவற்றை அளந்து எழுதுவது என் வேலை. காலை ஏழு மணிக்கு ஒரு முறை, பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை.

வெயிலை அளக்க ஒரு கண்ணாடிக் குண்டு உண்டு. இரண்டு உள்ளங்கையையும் குவித்தால் அதில் நிறைந்து உட்காரும் அளவு. பின்னால் வளைந்த சட்டத்தில் ஒரு நீல அட்டையைச் செருகி வைப்போம். சூரியன் நகர நகர, குண்டு வெயிலைக் குவித்து அட்டையில் ஒரு கோட்டை எரித்துக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் கோடு அறுபடும். மாலையில் அட்டையை எடுத்து எரிந்த நீளத்தை அளந்தால் அன்று எவ்வளவு நேரம் வெயில் அடித்தது என்று தெரியும்.

இருபது வருடமாக அந்த அட்டைகளைக் கையாள்கிறேன். அட்டையை எரித்த அதே வெயிலில் நானும் நின்றேன் என்பது மகளுக்கு இது வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அட்டையில் கோடு விழுந்தது, என் புறங்கையில் விழவில்லை. விழவில்லை என்று நான் நினைத்ததுகூடத் தவறு. விழுந்தது. உள்ளேயே யாரோ எடுத்துப் போட்டார்கள்.

அந்த யாரோவைப் பற்றி ஒவ்வொன்றாகப் படித்தேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த நாலு வரி, பிறகு கல்லூரிப் பாடப் புத்தகங்கள், பிறகு புரியாத இடங்களை மீண்டும் மீண்டும். புரிந்ததை மகளுக்கு அவளுடைய புத்தகப்பை ஜிப்பை வைத்துச் சொன்னேன். அப்போது அவளுக்கு ஏழு வயது.

டி.என்.ஏ. ஒரு நீளமான ஜிப். இந்தப் பக்கத்துப் பல் அந்தப் பக்கத்துப் பல்லோடு சேரும். வெயில் படும்போது ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எதிர்ப்பக்கத்தோடு சேர வேண்டியவை பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கின்றன. ஜிப் அந்த இடத்தில் லேசாகப் புடைக்கும். செல்லுக்குள் ஒரு புரதம் ஜிப் நெடுகத் தொட்டுக்கொண்டே போகிறது. அது ஒட்டிக்கொண்ட பற்களைப் பார்ப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் ஜோடி இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் நல்ல பற்களைத்தான் தொட்டு உணர்கிறது. கெட்ட பல் எதுவாக இருந்தாலும், எந்தக் காரணத்தால் கெட்டிருந்தாலும், எதிரே இருக்கும் நல்லது தடுமாறும் அல்லவா, அது போதும்.

அது கூப்பிட்டதும் உடனே வெட்டிவிட மாட்டார்கள். இன்னொரு புரதம் வந்து கெட்ட பக்கத்து இழையில் ஊர்ந்து பார்க்கும். உண்மையிலேயே முட்டினால்தான் சேதம் என்று உறுதியாகும். அதன் பிறகு இரண்டு கத்தரிகள் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. சுமார் முப்பது பற்கள் உள்ள துண்டு கழன்று போகும். எதிர்ப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் புதிய பற்களை அடுக்குவார்கள். கடைசியில் ஒருவர் வந்து இணைப்பை மூடிவிட்டுப் போவார்.

இவர்களுக்கு மகள் வைத்த பெயர் சரிபண்றவங்க. எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தப் பெயர்தான்.

"எனக்கு இதுல யாரு லீவு?" என்று கேட்டாள்.

"மொத ஆளு. தொட்டுப் பாத்துக் கூப்பிடுறவரு."

"அப்ப மத்தவங்க எல்லாரும்?"

"எல்லாரும் வேலைக்கு வந்துதான் நிக்கிறாங்க பாப்பா. கூப்பிடத்தான் ஆளு இல்ல."

அவள் பையின் ஜிப்பை ஒரு தடவை இழுத்து மூடினாள். "அவங்களுக்கும் போரடிக்கும்ல?" என்றாள்.

இதையெல்லாம் விவரமாக எழுதக் காரணம், எங்கள் வீட்டில் இந்த விஷயத்துக்கு எந்தச் சொல் புழங்கியது, எது புழங்கவில்லை என்பது அன்று பெரிதாகிப் போனதுதான்.

இரண்டு மணிக் கணக்கெடுப்புக்குக் கூடத்துக்குள் போகும்போது கைப்பேசியை மேசையிலேயே வைத்துவிடுவது என் வழக்கம். அன்றும் வைத்தேன். வேலை முடித்துத் திரும்பி வந்து பார்த்தால் சென்னை எண்ணிலிருந்து இரண்டு தவறிய அழைப்பு. பிறகு மச்சினனிடமிருந்து வரிசையாக அழைப்புகள். மச்சினன் என் மனைவியின் தம்பி. நத்தம் ரோட்டில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். சென்னை மருத்துவமனையில் இரண்டாவது எண்ணாக அவன் எண்ணைக் கொடுத்திருந்தேன். அவனைக் கூப்பிட்டேன்.

"மச்சான்" என்றான். பட்டறை இரைச்சல் கேட்கவில்லை. "சென்னையில இருந்து பேசுனாக. சின்னவனுக்கும் ரிப்பேர் இருக்காம். நான் வீட்டுக்கு வந்துட்டேன். அக்காட்டச் சொல்லிப்புட்டேன். நீங்க வாங்க."

சரி என்றேன். சென்னை எண்ணைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாலை அட்டை மாற்றும் வேலையைப் பண்ணை மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் வரும் சாலையில் அந்த நேரத்து வெயிலை நான் எண்ணில் எழுதித்தான் பழக்கம். அன்று அப்படிப் பார்க்க முடியவில்லை. செங்கல் ஏற்றிய டிராக்டரின் மேல் மூன்று பேர், தலையில் துண்டுகூட இல்லாமல். தக்காளிக் காட்டில் குனிந்து பறிக்கும் பெண்களின் கழுத்துப் பின்புறம் பளபளத்தது. பேருந்து நிறுத்தத்தில் நிழல் இருந்தும் நிழலுக்கு வெளியே நின்று கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண். வாய்க்கால் பாலத்தின் கைப்பிடியில் சட்டையில்லாமல் மூன்று பையன்கள்.

இவர்கள் எல்லோருக்குள்ளும் அந்தக் கணத்தில் பற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு செல்லிலும், ஒவ்வொரு நொடியும். எல்லோருக்குள்ளும் ஒருவர் தொட்டுக்கொண்டே போனார். எதிரே தடுமாறும் பல்லை உணர்ந்தார். கூப்பிட்டார். வெட்டி, எடுத்து, பார்த்து எழுதி, மூடினார்கள். டிராக்டரின் மேல் இருந்தவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிக்குள் அவர் முதுகில் எத்தனை ஆயிரம் இடங்களில் இந்த வேலை முடிந்திருக்கும். அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஊரே வெயிலில் நின்று உடைந்துகொண்டும் சரியாகிக்கொண்டும் இருந்தது. சத்தமில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்து நிறுத்தினேன். வரவில்லை. பாலத்துப் பையன்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெரிய காரியம் அவ்வளவு சாதாரணமாக அவர்களுக்குக் கிடைத்திருந்தது. என் இரண்டு பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனதை எண்ணும்போதுகூட, அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்ற திகைப்பு துக்கத்தைவிட ஒரு படி முன்னால் நின்றது. எழுதும்போது இது பொய்போலத் தெரிகிறது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் மனைவி கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னவன். தையல் நாடாவை அவன் தலையைச் சுற்றிப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். அவன் நாடாவின் நுனியை வாய்க்குள் இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மச்சினன் சுவரில் சாய்ந்து நின்றான். கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்கவில்லை.

"துணி எம்புட்டு வேணும்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் மனைவி. என்னைப் பார்க்கவில்லை. "இவனுக்குத் தலை பெருசு. பாப்பாவோட பழசு பத்தாது."

நான் மச்சினனிடம் கேட்டேன். "சென்னையில இருந்து என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன வார்த்தைய அப்பிடியே சொல்லு."

"அதான் சொன்னேனே மச்சான். சின்னவனுக்கும் ரிப்பேர் இருக்குன்னு."

"சின்னவனுக்கும்னு அவங்க சொன்னாங்களா?"

அவன் விழித்தான். "பையனுக்குன்னு சொன்னாக."

"பையனுக்கா, பையனுக்குமா?"

"மச்சான், இப்பப் போயி இலக்கணம் நடத்துறீகளே."

"சொல்லு மாப்ள."

"பையனுக்குன்னுதான். 'பையனுக்கு ரிப்பேர் இருக்கு சார்'னு. அந்நேரம் ஒருத்தன் மோட்டர ஓட்டிப் பாத்துக்கிட்டிருந்தான், ஒரே எரைச்சல். அதுக்கப்புறம் காப்பின்னு என்னமோ சொன்னாக. எனக்கு ஓடல. சரி மேடம்னு வச்சுப்புட்டேன்."

"ரிப்பேர் ஆயிருக்குன்னு சொல்லல. இருக்குன்னு சொன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான மச்சான்? தெனம் எம்புட்டுப் பேரு வாராய்ங்க, மோட்டர்ல ரிப்பேர் இருக்குன்னு. நல்லா ஓடுற மோட்டரைத் தூக்கிட்டு வந்து எவனாச்சும் ரிப்பேர் இருக்குன்னு சொல்லுவானா?"

"உன் பட்டறை போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"ஏன்? 'இங்கு எல்லா வகை மோட்டார்களும் ரிப்பேர்...'" அவன் நிறுத்தினான். "'ரிப்பேர் செய்து தரப்படும்.'"

"அதுல ரிப்பேர்னா என்ன?"

என் மனைவியின் கையில் நாடா அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதே இல்லை. சரிபண்றவங்க என்றே சொல்லிப் பழகியிருந்தோம். மருத்துவமனைக்காரர்கள் ஆங்கிலத்தில் சரிபண்ணுவதைத்தான் ரிப்பேர் என்பார்கள். நாங்கள் கெட்டுப்போவதை ரிப்பேர் என்கிறோம். இரண்டு ஊருக்கு நடுவே ஒரே சொல் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

இதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துப் பிறகு பிடுங்கினால் என்ன ஆவது? ஆனால் மனைவிக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"போனப் போடுங்க" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "இப்பவே போடுங்க."

போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். "சோத்துக்குப் போயிருப்பாக" என்றான் மச்சினன். "மூணு மணிக்கா?" என்றாள் மனைவி. "டாக்டருமாருக்கு அப்பத்தான் பசிக்கும்" என்றான் அவன். அவனுக்கே சிரிப்பு வரவில்லை. மூன்றாவது முறை ஒரு பெண் எடுத்தார். இளம் குரல். முன்பு எங்களிடம் குடும்ப விவரம் கேட்டு எழுதியவரேதான். நான் ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"சார், உங்களுக்குத்தான் முதல்ல போட்டேன். எடுக்கல. அதான் இன்னொரு நம்பர்ல சொன்னேன்."

"அவர்ட்ட என்ன சொன்னீங்கம்மா?"

"பையனுக்கு ரிப்பேர் இருக்குன்னு சொன்னேன் சார். அந்த ஜீன்ல ஒரு காப்பி நல்லா இருக்கு. இன்னொன்னுலதான் மாற்றம். உங்க ரெண்டு பேர் மாதிரியேதான். அவர் எதுவுமே கேக்காம வச்சிட்டாரு. ஏன் சார், நல்ல செய்திதானே?"

மனைவி குனிந்து கைப்பேசியின் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டாள்.

"அப்ப இவன வெயில்ல காட்டலாமா?"

"எல்லாக் குழந்தையையும் காட்டற மாதிரி காட்டலாம்மா."

"எங்க ஊருல ரிப்பேர் இருக்குன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்மா" என்றேன் நான் கடைசியாக.

"ஐயையோ" என்றார் அந்தப் பெண். "எங்க ஊர்லயும் அதான் சார். எனக்குத் தோணவே இல்ல."

அறிக்கை சிறிது நேரத்தில் மின்னஞ்சலில் வந்தது. மூன்று முறை படித்தேன். இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம் என்று தெளிவாக இருந்தது. மனைவி சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுத சத்தம் கேட்டது. மச்சினன் வாசல் குழாயடியில் கையைக் கழுவு கழுவு என்று கழுவினான்.

"போர்டுல அந்த வார்த்தைய அழிச்சுப்புடுறேன் மச்சான். சர்வீஸ்னு போட்டுக்கிறேன்."

"சர்வீஸ்னு போட்டா கரண்ட் ஆபீஸ்னு நெனச்சு வருவாய்ங்க. விடு."

"அக்கா மொகத்துல இனி முழிக்கவே முடியாது."

அறைக்குள்ளிருந்து, அழுகைக்கு நடுவே, மனைவியின் குரல் வந்தது. "டேய், சாப்பிட்டுப் போடா. காலையில இருந்து பச்சத் தண்ணி குடிச்சிருக்க மாட்ட. தொட்டுக்க வெஞ்சனம்தான் இல்ல, ஊறுகா இருக்கு."

அவன் சாப்பிடும்போது நான் சின்னவனை வாங்கிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தேன். என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். அந்தக் கையின் தோல் மூங்கில் குருத்தின் உள்பக்கம்போல் இருந்தது. வெயிலே படாத தோல். அதற்குள்ளும் சரிபண்ணும் வேலை என்றோ தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். வெயில் மட்டும் டி.என்.ஏ.வை உடைப்பதில்லை. உடம்பின் சூட்டிலும் ஈரத்திலும் அந்த ஜிப்பின் பற்கள், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகள், தாமாகவே ஒவ்வொரு செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கில் உதிர்கின்றன. மூச்சு விடுவதால் சில கெடுகின்றன. அவற்றை ஒற்றை ஒற்றையாக எடுத்து மாற்ற வேறு ஆட்கள். எப்போதாவது ஜிப்பின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அறுந்துபோகும். அதுதான் பெரிய ஆபத்து. பார்த்து எழுத எதிர்ப்பக்கமே இருக்காது. அறுந்த நுனிகளைச் சில புரதங்கள் உடனே பற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து செல் முழுக்கச் செய்தி பரவுகிறது. செல் இரண்டாகப் பிரியவிருந்தால் அந்த வேலை நிறுத்தப்படுகிறது. அதே எழுத்துகள் உள்ள இன்னொரு பிரதி பக்கத்தில் இருந்தால் அதைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்து நிரப்புகிறார்கள். இல்லாவிட்டால் நுனிகளைச் சீவி நேராக ஒட்டுகிறார்கள். ஒன்றிரண்டு எழுத்து போனாலும் பரவாயில்லை, இழை பிழைக்கட்டும் என்று. எதுவும் முடியாத அளவு சேதம் என்றால் அந்தச் செல் தன்னையே முடித்துக்கொள்கிறது. யாரும் உத்தரவு போடுவதில்லை. மேலிருந்து பார்ப்பவர் எவரும் இல்லை. தொடுவதும் முட்டுவதும் பற்றுவதும்தான்.

இவை அத்தனையும் மகளிடமும் இருக்கின்றன. அதை அவளுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. ஒரு வழிதான் அவளுக்கு மூடியிருக்கிறது. அந்த வழியிலும் பாதிதான் என்று சொல்ல வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் ஜீன்களைப் படித்துக்கொண்டு போகும் இயந்திரம் ஒட்டிய பல்லில் முட்டி நின்றால், அந்த முட்டலே மற்றவர்களைக் கூப்பிட்டுவிடும். அவளுக்கு அது வேலை செய்கிறது. அதனால்தான் அவள் வெயிலில் கொப்புளிப்பதில்லை. படிக்கப்படாத இடங்களில்தான் யாரும் கூப்பிடாமல் கிடக்கிறது.

நாலரைக்கு அவள் வந்தாள். கதவைச் சாத்தி, தொப்பியைக் கழற்றி, வேர்த்த முகத்தோடு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரிசல்ட்டா?"

"ஆமா" என்றேன். "தம்பிக்கு மொத ஆளு வேலைக்கு வந்துட்டாரு. அவனுக்கு வெயில் ஒண்ணும் செய்யாது."

நல்ல செய்தி என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள். வழக்கமாக உதறி எறிவாள்.

"அப்ப நான் மட்டும்தானா?"

என் மனைவி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. மச்சினன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு என்ன பதில் என்று நான் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

"ஆமா பாப்பா" என்றேன்.

அவள் தம்பியின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள். அவன் தூக்கத்தில் வாயைச் சப்பினான். நெடுநேரம் பார்த்தாள்.

"பரவால்ல" என்றாள். "ரெண்டு பேருன்னா தேர்தல் வைக்கணும். இவன் ஜெயிச்சிட்டான்னா?"

மச்சினன் வெடித்துச் சிரித்தான். புரையேறிவிட்டது. மனைவி அவன் தலையில் தட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மகளும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"அவன வெயில்ல காட்டும்போது நான் பாக்கலாமா?"

"சன்னல் வழியா பாக்கலாம்."

"அவன் பயந்துட்டான்னா நான் சொல்லுவேன். எப்பிடி இருக்கும்னு எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கு. சூடா, கிச்சுக்கிச்சு மூட்டுற மாதிரி."

மூன்று வயதுக்கு முன்னால் பட்ட வெயில். அவள் அதை மறந்திருப்பாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மறுநாள், வியாழக்கிழமை, வெளுக்கும் முன்பே கூடத்துச் சன்னலை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு மகளை அதில் உட்கார வைத்தேன். தெருவில் வெயில் இறங்கியதும் என் மனைவி சின்னவனுக்கு நல்லெண்ணெய் தடவி, சட்டை இல்லாமல் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவன் முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக மூடினான்.

"அம்மா, மொகத்துல காட்டாதீங்க!" என்று சன்னலுக்கு உள்ளிருந்து கத்தினாள் மகள். "மொதல்ல முதுகு!"

மனைவி அவனைத் திருப்பித் தோளில் போட்டு, முதுகை வெயிலுக்குக் காட்டினாள்.